தம்பி காரில் தஞ்சாவூர்

மே 7, புதன்

போதும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இந்தப் பயணத்தில் அம்மாவிடம் கேட்டுவிடுவது.

கத்திரி வெயில். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற நெய்வேலி. டவுன்ஷிப்புக்கு வெளியே, எங்கள் தெருவில், பனையோலை விசிறி.

வேலைகள்: தம்பியிடம் கார் வாங்கி வருவது. அம்மாவின் மாத்திரை டப்பா. மடக்கு நாற்காலி. பள்ளியில் கோடை வகுப்புக்கு லீவு சொல்வது (சம்பளத்தில் பிடிப்பார்கள்).

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் முடிந்துவிட்டது. டயாலிசிஸ் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். "ஆசைப்பட்டத செஞ்சு குடுங்க" என்றார் டாக்டர். ஆசைப்பட்டது தஞ்சாவூர் பெரிய கோயில். எழுபத்தேழு வயது. சிதம்பரம் தாண்டியதில்லை.

தம்பி கூட்டிப்போவதாக இருந்தது. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையாம். காரை மட்டும் தருகிறான். (இனி த. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.)

மே 8, வியாழன்

த.வின் குவார்ட்டர்ஸ். முன்னால் மா, பின்னால் பலா. நான் போனபோது காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன்கண்ணாடியில் சுரங்கத்து கேட் பாஸ் ஒட்டியிருக்கிறது.

"டயருக்குக் காத்து புடிச்சிட்டேண்ணா. டேங்க் ஃபுல். ஏசிய கம்மியா வை, அம்மாவுக்கு ஒத்துக்காது."

எனக்குத் தெரியாதா என்ன ஒத்துக்கும், ஒத்துக்காது என்று.

ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும். அப்பா செத்த அடுத்த வருஷம் நிலம் சுரங்கத்துக்குப் போயிற்று. நிலத்துக்குப் பணம், வீட்டுக்கு ஒரு வேலை. "வேலை யாருக்கும்மா?" என்று ஆபீசர் கேட்டார். அம்மா விரலை நீட்டினாள். த. பக்கம். அவன் பத்தாவதில் இரண்டு முறை தோற்றவன். நான் எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். காரணம் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் இல்லை.

அந்த விரல் நீண்டதில் அவனுக்கு: பர்மனென்ட், குவார்ட்டர்ஸ், கார். எனக்கு: வாடகை வீடு, மூன்றாவது தனியார் பள்ளி, தொண்டை வலி. அம்மாகூட அவனிடம்தான். அவன் கம்பெனி கார்டில்தான் வைத்தியம். என் பெயரைச் சொன்னால் அவளுக்கு ஒரு மாத்திரை கிடைக்காது.

அம்மா பின்கட்டு மரத்திலிருந்து ஒரு பலாப்பழம் அறுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"இத்த டிக்கில வைடா."

"தஞ்சாவூர்ல நமக்கு யாரம்மா தெரியும்?"

"வெறுங்கையோட போவக்கூடாது. யாருக்குனா குடுக்கலாம்."

மே 9, வெள்ளி

விடியும் முன் கிளம்பினோம். வடலூர், சேத்தியாத்தோப்பு. பாதி ரோடு புதுசு, பாதி தோண்டிப் போட்டது. சுரங்கத்து மண்மேடு தெரிந்தபோது அம்மா பக்கம் பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று.

"நல்லா பச்ச புடிச்சிகினு வருது."

அவ்வளவுதான். நம் நிலம் அந்த மேட்டுக்குப் பின்னால் எங்கேயோ.

பலாப்பழ வாசனை வண்டி முழுக்க. ஏசி போட்டால் மூச்சு முட்டுகிறது. கண்ணாடியை இறக்கினால் புழுதி.

சேத்தியாத்தோப்பில் டீ. கேட்க நினைத்தேன். "டீ நல்லாருக்குது, இன்னொண்ணு சொல்லு" என்றாள். அணைக்கரைப் பாலத்தில் எதிரே லாரி, பின்னால் ஹாரன். அங்கேயும் கேட்கவில்லை. கும்பகோணம் வந்தபோது தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

தஞ்சாவூர் ஒரே சத்தம். கல்யாண சீசன். பாத்திரக்கடைகளில் சீர்வரிசை அண்டா, குத்துவிளக்கு ரோட்டுவரை. மேளக்காரர்கள் ஒரு வேனை நிறுத்திக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை விரித்து அம்மாவைக் கடைத்தெரு நிழலில் உட்காரவைத்தேன். எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

"எங்கடா போறாங்க இத்தினி பேரும்?"

"எங்கேயோ."

"நல்லாருக்குது பாக்க."

ஒரு ஸ்டீல் டீ வடிகட்டி வாங்கினாள். த. பெண்டாட்டிக்கு.

"பெரியவளுக்கு இல்லையா?" என் பெண்டாட்டியைத்தான் சொன்னேன்.

"சின்னவ கேட்டா. அதான்."

குறித்துக்கொண்டேன்.

மாலை கோயில். கார் நிறுத்துமிடத்தில் சீட்டு கிழிப்பவர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியில் பாஸைப் பார்த்துவிட்டார்.

"சாருக்கு நெய்வேலிங்களா?"

"ஆமாம்."

"பர்மனென்ட்டுங்களா, கான்ட்ராக்ட்டுங்களா?"

உள்ளூரில்தான் இந்தக் கேள்வி என்று நினைத்திருந்தேன். இங்கேயும் வந்துவிட்டது. அம்மா பின்சீட்டில் இருக்கிறாள். என் வாய் சொல்லிற்று: "பர்மனென்ட்."

அவர் குரல் மாறிவிட்டது. "சார், எம் மவ டிப்ளமா முடிச்சிட்டு ஜவுளிக்கடையில நிக்கிது. கான்ட்ராக்ட்னாலும் போதும். கூச்சப்படாம கேக்குறேன் சார், ஒரு வார்த்த சொல்லிவிடுங்க."

நம்பர் கேட்டார். த. நம்பரைக் கொடுத்தேன். அவன் படட்டும்.

உள்ளே போய் அம்மா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு. நான் ஆண்டு, அரசன், கல்லின் எடை எல்லாம் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

"இத்தினி கல்லு எடுத்த எடத்துல பள்ளம் இருக்குமில்ல?"

"இருக்கும்."

"அங்க குடியிருந்தவங்க?"

பாடப் புத்தகத்தில் இல்லை என்றேன்.

புல்தரையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். புளிசாதம், செல்ஃபி, பந்து. ஒரு சிறுமி நந்தியைக் காட்டி "இது எந்திரிச்சிச்சுன்னா?" என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டாள்:

"ஏண்டா பர்மனென்ட்டுன்ன?"

உருண்டு வந்த பந்தை எடுத்துப் பிள்ளைகள் பக்கம் போட்டேன்.

"அந்த வேல உனக்கு வோணும்னு இருந்துச்சா?"

இதற்காகத்தானே வந்தேன். எத்தனை வருஷமாக வாக்கியம் வாக்கியமாக அடுக்கி வைத்திருந்தேன். வந்தது இதுதான்: "ஏன் அவனைக் காட்டுன?"

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"அவன் கேட்டான்டா. மூணு நாளு சோறு துன்னாம, காலப் புடிச்சிகினு அழுதான். நீ பொஸ்தகத்த வச்சிகினு உக்காந்திருந்த. கேக்கவே இல்லியே. மைன்சுல மண்ணு தள்ளுற வேல ஒனக்கு கேவலமா இருக்கும்னு நெனச்சிகினேன்."

"கேட்டாத்தான் தெரியுமா உனக்கு?"

"தெரியலியே."

நான் படித்தவன், எப்படியும் பிழைத்துக்கொள்வேன், அதனால்தான் என்று சொல்வாள் என நினைத்திருந்தேன். அதற்குப் பதில் தயாராக இருந்தது. அவன் மேல் பாசம் அதிகம் என்பாள், அதற்கும் இருந்தது. இதற்கு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் முழங்கையைத் தொட்டாள். "இப்ப கேளு. எங்கிட்ட இன்னா கீது குடுக்க?"

கையை நகர்த்திக்கொண்டேன்.

காருக்கு வந்ததும், "பழத்த அவருகிட்ட குடு" என்றாள். சீட்டு கிழிப்பவர் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மறந்துடாதீங்க சார்" என்றார். வண்டி நகர்ந்த பிறகு அம்மா, குத்தலாகக்கூட இல்லை, சும்மா:

"வண்டி நிக்கறதுக்குள்ள கேட்டுட்டான் பாரு அந்த ஆளு."

மே 10, சனி

திரும்பினோம். அரண்மனை பார்க்கவில்லை, அவளால் நடக்க முடியவில்லை. வழியில் இரண்டு முறை வாந்தி. பழம் போய்விட்டது, வாசனை போகவில்லை. பேச்சு: "தண்ணி." "நிறுத்தவா?" "வோணாம்."

த. கேட்டில் நின்றிருந்தான். அவளை இரு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனான். வண்டியைக் கழுவிவிட்டு சாவியைக் கொடுத்தேன். "எதுக்குண்ணா கழுவுன" என்றான். கடன் வேண்டாம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

பெற்ற பிள்ளை வாய்விட்டுக் கேட்க வேண்டுமா? பசிக்கிறது என்று கேட்டபிறகா பால் கொடுத்தாள்? பதில் இப்போது வருகிறது. குழந்தை அழத்தான் செய்யும் என்பாள். அதற்கும் ஒன்று யோசித்து வைக்க வேண்டும்.

மே 12, திங்கள்

அம்மாவை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கூட இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி. அது த. வேறு யார்.

மதியம் அவன் போன்.

"அண்ணா, தஞ்சாவூர்லேர்ந்து ஒருத்தர் பேசுனாரு. பொண்ணு டிப்ளமாவாம். நம்ம கான்ட்ராக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், அடுத்த வாரம் வரச் சொன்னாரு."

"ம்."

"பர்மனென்ட் சார் குடுத்த நம்பர்னாரு." நிறுத்தினான். சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "சார் நல்லாருக்காருன்னு சொன்னேண்ணா."

சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"அம்மா உன்ன வரச் சொல்லுது. பெரியவன் எங்கன்னுகினே இருக்குது. எப்ப வர?"

பார்க்கலாம் என்றேன்.

மே 13, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. த. மூன்று முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

நிலம் போன எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. ஊர் இல்லை, குழு இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. அவனும் இருக்கிறான், எல்லாவற்றுக்கும் கைகூப்புகிற படம் போடுவான். வீட்டுக்கு ஒரு வேலை என்பது வீட்டுக்குள் எப்படிப் பங்கு போயிற்று என்று அங்கே ஒருவன்கூட எழுதியதில்லை.

காலையிலிருந்து இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மூன்று நாள் சோறு தின்னாமல் அழுதது, விரல் நீண்டது, எல்லாம். ஒரு வரியும் வெட்டவில்லை.

மறுபடி போன் அடித்தது. த. இல்லை, அவன் பெண்டாட்டி. இந்நேரத்துக்கு அவள் கூப்பிட்டதே இல்லை. அடித்து நின்றது.

இதைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது.

குழுவில் பெயர் தெரியாமல் பதிவிடும் வசதி இருக்கிறது. அதைத் தொட்டேன். பெயர் போடப்போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குக் கேட்காமலே தெரியட்டும்.