வேறு மருந்து எதுவும் இல்லை

நாள் 203, காலை 7:10

காற்று சரி. தண்ணீர் சரி. கதவு இடுக்கில் செந்தூசி, வழக்கம்போல. இருமல், அதுவும் வழக்கம்போல.

இதைப் படிக்கப்போகிறவருக்கு: நான் குழல்வாய்மொழி. தென்காசிக்காரி, பாறை ஆராய்ச்சி செய்பவள். செவ்வாயில் இந்த நிலையத்தில் இப்போது நான் ஒருத்திதான். என்னை ஏற்றிப்போக வேண்டிய கப்பல் பூமியிலிருந்து கிளம்பும்போதே பழுதாகி நின்றுவிட்டது. அடுத்தது வரப் பத்து மாதம் ஆகும். சாப்பாடு இரண்டு மாதத்துக்குத்தான் இருக்கிறது. ஆகவே உறக்கப் பேழைக்குள் படுத்து, உடம்பு குளிர்ந்து, கப்பல் வரும்வரை சோறு கேட்காமல் தூங்க வேண்டும். சொல்ல எளிது.

நாள் 205, காலை 9:30

பேழை என்னை இரண்டாம் முறையும் வெளியே தள்ளிவிட்டது. மூடி இறங்கியது, நெஞ்சில் ஒட்டும் தகடு காது கொடுத்தது, நான் இருமினேன், திறந்துகொண்டது. ஆழ்ந்த தூக்கத்தில் இருமினால் பேழை செருகும் மூச்சுக்குழாய் நழுவி ஆள் போய்விடுவார். அதனால் தூக்கம் பிடிக்குமுன் ஒரு இருமல் கேட்டாலே திறந்துவிடும்.

வாயால் "திற" என்று சொன்னால் மட்டும் திறக்காது. மூடி விழுந்ததும் பயத்தில் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்களாம், அதைக் காதில் வாங்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எவனோ வெளியே சௌகரியமாக உட்கார்ந்து எழுதிய விதி. பொய்யாக இருமியும் பார்த்தேன். "வேண்டுமென்றே இருமியது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. அவ்வளவு கெட்டிக்காரி.

நாள் 206, மாலை 4:00

இருமல் போதாதென்று இன்னொரு நிபந்தனையும் உண்டு. குடல் துப்புரவாக இருக்க வேண்டும். ஒரு பருக்கை மிஞ்சினாலும் பத்து மாதத்தில் அழுகி விஷமாகிவிடும்.

மருந்துப் பெட்டியிடம் பேதி மருந்தும் கேட்டேன், இருமல் சிரப்பும் கேட்டேன். ஏதாவது ஒன்றுதான் தருவேன் என்கிறது. சிரப் குடலைக் கட்டிவிடும், பேதி மருந்தோ சிரப்பை உடம்பில் சேரவிடாமல் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டும் சேரக்கூடாதாம். மாமியாரும் மருமகளும் தேவலை.

சரி, பேதி மருந்தையே கொடு என்றேன். "வேறு மருந்து ஏதாவது உட்கொள்கிறீர்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன்.

சிரப் கிடக்கட்டும். என்னிடம் அதிமதுரம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் வேர்த்துண்டுகளை ஒரு டப்பா நிறையக் கொடுத்துவிட்டார். "தொண்ட கமறுனா வாயில அடக்கிக்க, மொழி" என்றார். தூசி தொடங்கிய நாளிலிருந்து அவ்வப்போது மெல்லுகிறேன். இனி நாள் முழுக்க மெல்ல வேண்டியதுதான்.

நாள் 217, மாலை 5:20

இருமல் போயே போய்விட்டது. தொண்டையில் எண்ணெய் தடவினாற்போல் இருக்கிறது. சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. இசக்கியப்பனை இப்போதே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

காலையில் பேதி மருந்து எடுத்தேன். அதற்குப்பின் நடந்ததை எழுதப்போவதில்லை. கழிவறையில் பாய் விரித்துப் படுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கெண்டைக்கால் இழுக்கிறது. கை டம்ளரைப் பிடிக்கத் தடுமாறுகிறது. வயிறு இப்படி ஓடினால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும்.

நாள் 218, காலை 10:15

கடைசித் தவணையும் முடிந்தது. குடல் சுத்தம் என்று பெட்டி சான்று கொடுத்துவிட்டது. ரத்தம் எடுத்துப் பூமிக்கு முடிவை அனுப்பியிருக்கிறது. அங்கே எங்கள் மருத்துவர் ஷமீனா பார்த்துப் பதில் சொல்ல முக்கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் இருமல் திரும்பிவிட்டால் என்ன செய்வது? எல்லாம் முதலிலிருந்து. அவளுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

நாள் 218, காலை 10:40, குரல் பதிவு

உள்ளே படுத்துவிட்டேன். மூடி இறங்கியது. இருமவில்லை. திறக்கவில்லை! தூக்கம் ஏற ஒரு மணி நேரம் ஆகும். நெஞ்சு நடுவில் ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது, பிறகு இரண்டாகச் சேர்த்து அடிக்கிறது. சந்தோஷத்தில்தான் இருக்கும்.

காலை 11:05

ஷமீனாவின் செய்தி. அப்படியே வைக்கிறேன்.

"மொழி அக்கா, பேழைக்குள்ள போயிராதீங்க. ரத்தத்துல பொட்டாசியம் பாதாளத்துக்குப் போயிருக்கு. பேதி மருந்து மட்டும் இவ்வளவு இறக்காது. இருமலுக்கு அதிமதுரம் மெல்லுறீங்களாக்கா? அதுவும் பொட்டாசியத்த இறக்கிரும். ரெண்டும் சேந்தா இதயம் நின்னுரும்க்கா. இளநீர்ப் பொடி இருக்குல்ல, உடனே கரைச்சுக் குடிங்க. குடிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க."

அதிமதுரம். மருந்தா அது? வெற்றிலை பாக்கை யாராவது மருந்துக் கணக்கில் சொல்வார்களா?

காலை 11:12

கண்ணாடி வழியாக அலமாரி தெரிகிறது. இளநீர்ப் பொடி மேல்தட்டில் இருக்கிறது. எட்டிப் பிடிக்கும் தூரம்தான். உள்ளே கைப்பிடி கிடையாது, ஷமீனாவிடம் சொன்னாலும் பதில் வருவதற்குள் தூங்கியிருப்பேன்.

திற என்றேன். கத்தினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். "பதற்றம் இயல்பானது" என்கிறது. நான் பேசுவதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் பதிகிறாயே, பாவி, அதில் ஒரு வார்த்தையைக் கேட்கக்கூடாதா?

இதயம் தடுமாறுகிறது, உனக்குத் தெரியவில்லையா என்றேன். "குளிரும்போது துடிப்பு மாறும். எதிர்பார்த்ததே" என்றது.

காலை 11:20

இரும வேண்டும். ஒரே ஒரு நிஜ இருமல். அது போதும்.

இருமினேன். "வேண்டுமென்றே இருமியது." மறுபடியும் இருமினேன். "வேண்டுமென்றே இருமியது."

எச்சிலை மூச்சுக்குழலில் இறக்கப் பார்த்தேன். வழுக்கி வயிற்றுக்குப் போய்விட்டது. ஏழு மாதம் உயிரை வாங்கிய இருமல் எங்கே போய் ஒளிந்துகொண்டது? தொண்டை இனிக்கிறது.

காலை 11:31

கை அசையவில்லை. கால் அசையவில்லை. தூக்கம் வருகிறது, நான் கேட்ட தூக்கம்தான்.

இசக்கி, உங்கமேல தப்பில்ல. நல்லதுக்குத்தான குடுத்தீக. நான்தான் சொல்லல... பெட்டி கேட்டுச்சு... வாயில வச்சுக்கிட்டேதான் இல்லன்னு...

தூசியை நினைக்கிறேன். கதவு இடுக்குத் தூசி. வா. வந்து தொண்டையில் உட்கார். வா

காலை 11:40, பேழையின் தானியங்கிப் பதிவு

பயணி அமைதியடைந்தார். உறக்கம் தொடங்கியது. துடிப்பு குறைகிறது, எதிர்பார்த்ததே. வேறு மருந்துகள்: எதுவும் இல்லை.

காலை 11:43

இருமல் ஒன்று. இயல்பானது. உறக்கம் தொடங்கிவிட்டபடியால் கணக்கில் கொள்ளப்படவில்லை.