விழுந்த கதை

அக்கா,

இன்று பள்ளியில் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். நீல நாடா. உறையைப் பிரித்ததும் புது நைலான் வாசனை வந்தது. எல்லோரும் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. "ஏம்மா நிக்கிற, பிரேயருக்கு நேரமாச்சு" என்று வகுப்பு ஆசிரியை தானே நாடாவை என் தலைக்கு மேல் கொண்டுவந்தார். நான் அவர் கையைக் கடித்துவிட்டேன். ரத்தம் வரும்வரை விடவில்லை.

இப்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் உனக்கு எழுதுகிறேன். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. பெரியப்பா மகன் அங்கே படுத்திருக்கிறான். அவன் இருமினால் எனக்குக் கேட்கிறது. பேனாவை நிறுத்திவிடுகிறேன். நாளைக் காலையில், தஞ்சாவூருக்குப் புதிதாக வந்திருக்கும் போலீஸ் அதிகாரி என்னை விசாரிக்கப் போகிறார். நீ எப்படிச் செத்தாய் என்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். "அக்கா கால் தடுக்கி விழுந்துட்டான்னு சொல்லு பாப்பா. அன்னிக்கு நான் சொன்னதையே நீயும் சொல்லு. எனக்கு இருக்கறது நீ ஒருத்திதான்." சொல்லும்போது அவருடைய வலது கை வளைந்தபடி தொங்கியது. அதை மண்வெட்டிக் காம்பால் உடைத்தவனும் பெரியப்பா மகன்தான்.

வலங்கைமான் சாலையில் இருக்கும் நம் வயல் பாகம் பிரிக்காதது. பெரியப்பா அதை மனை போட்டு விற்க ஆள் பிடித்திருந்தார். கை உடைந்த பிறகு அப்பா பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டார். பெண்களுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் இருப்பதால், உன் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டேன் என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். நீ மறுத்தாய். அதன் பிறகு நம் வைக்கோல் போர் எரிந்தது. பம்புசெட் மோட்டாரைக் கடப்பாரையால் நொறுக்கிப் போட்டிருந்தார்கள். என் சைக்கிள் சீட்டை அரிவாளால் கிழித்து வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். விடுமுறைக்கு வந்த நீ சீட்டுக்கு ஒரு துணி உறை தைத்துக் கொடுத்தாய். "ஏறிக்கிட்டுப் போ. நடந்து போனா ஜெயிச்சுட்டோம்னு நெனப்பாங்க" என்றாய்.

அந்த ஆண்டு, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கூடும் கூட்டம் நீ வேலை பார்த்த வளாகத்தில் நடக்க இருந்தது. நீதான் பொறுப்பு. அது தெரிந்து பெரியப்பா மகன் வாசலில் வந்து நின்றான்.

"வயர் ஒட்டுற வேலைக்கு மாநாடு வேறயா?"

"ஆமாண்ணே. நீங்களும் வாங்க, சாப்பாடு நல்லாப் போடுறோம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் வந்தான், அக்கா.

எனக்குப் பள்ளி விடுமுறை. என்னையும் கூட்டிப்போயிருந்தாய். வருகிறவர்களுக்கு நீல நாடா போட்ட அட்டை கொடுக்கும் மேசையில் என்னை உட்காரவைத்தாய். பக்கத்தில் ரஃபீக் சார், கும்பகோணத்துக் கல்லூரி ஒன்றில் உன்னைப் போலவே வேலை பார்ப்பவர். காலையில் உன் அமர்வு நடந்தது. அதற்கு நீங்கள் வைத்திருந்த பெயர் 'விழுந்த கதை'. ஒவ்வொருவரும் தங்கள் கல்லூரியின் சர்வர் கணினி எப்படி நின்றுபோனது, உங்கள் பேச்சில் 'விழுந்தது', என்று சொல்ல வேண்டும். பார்த்ததை மட்டும், நடந்த வரிசையில் சொல்ல வேண்டும். நினைத்தேன், இருக்கலாம் என்றெல்லாம் சொல்லக் கூடாது. யார் தப்பு என்று பெயரும் சொல்லக் கூடாது. "பேரு வந்துச்சுன்னா அடுத்த வருஷம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க" என்று மைக்கில் சொன்னாய்.

ரஃபீக் சார் எழுந்தார். "ரிசல்ட் அன்னிக்கு ஏசி தண்ணி மெஷின் மேல சொட்டுச்சு. விடிய விடிய குடை புடிச்சுக்கிட்டு நின்னோம். குடை யாரோடதுன்னு சொல்லலாமா மேடம்?"

"குடைக்கும் பேரு கெடையாது சார். உக்காருங்க."

அரங்கமே சிரித்தது. நம் வீட்டில் யாரும் உன்னை அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போய்விட்டார்கள். நீ மட்டும் மாடியில் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தட்டில் சாதம் எடுத்துக்கொண்டு நான் மேலே வந்தேன். அவன் படி முனையில் உன் எதிரே நின்றான். அவன் கழுத்திலும் நீல நாடா இருந்தது. ஏதோ கல்லூரியிலிருந்து தாமதமாக வந்தவர் என்று நினைத்து, "டேக் போடாம உள்ள போகாதீங்க சார்" என்று ரஃபீக் சாரே மாட்டிவிட்டிருக்கிறார். இன்றுவரை அவர் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

"கையெழுத்துப் போடு. பத்திர ஆபீஸ் மூடறதுக்குள்ள போவணும்."

"நெல்லு வெளயற எடத்துல கல்லு நட நான் கையெழுத்துப் போட மாட்டேன். கெளம்புங்கண்ணே, எனக்கு அடுத்த செஷன் இருக்கு."

அவன் உன் நாடாவைப் பிடித்து முறுக்கினான். கடையில் அறுந்துபோகாத நாடாவாகப் பார்த்து வாங்கியவள் நீதான். அது அறுந்து கொடுக்கவில்லை. உன் முகம் கறுத்தது. கால்கள் தரையைத் தேடின. அவன் உன் தலையைச் சுவர் முனையில் மோதினான். மறுபடியும் மோதினான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. பிறகு படிக்கு நேராகக் கொண்டுவந்து கையை விட்டான். நீ கடைசிப் படிவரை உருண்டாய். என் தட்டும் விழுந்தது. அவன் என் அருகில் வந்து, கையில் இருந்த ரத்தத்தை என் பாவாடையில் துடைத்தான். "அடுத்தது நீ" என்றான்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் அவன் கழுத்தில் இருந்த அட்டையைத்தான் பார்த்தார்கள். "சார், ஓடிப் போயி ஆம்புலன்ஸ கூப்புடுங்க" என்று அவனிடமே சொன்னார்கள். "இதோ" என்றான். நிதானமாக வெளியே நடந்து போனான். அவன் திரும்பி வராததில்தான் ரஃபீக் சாருக்குச் சந்தேகம் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வந்தபோது உன் கை என் மடியில் ஆறிப்போயிருந்தது.

எனக்கு அன்று சொல்ல வாய் வரவில்லை. போலீசிடம் அப்பா பேசினார். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். நீ போன பிறகு உன் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால், என் பங்குக்கும் அப்பாவே கைநாட்டு வைத்தார். வயலில் கல் நட்டாகிவிட்டது. ரஃபீக் சாரும் உன் கூட்டத்து ஆட்களும்தான் விடாமல் மனு போட்டு, இந்த விசாரணையைத் திரும்ப வரவைத்திருக்கிறார்கள். அது தெரிந்த நாளிலிருந்து, நான் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அவன் அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் உன் அமர்வில் சொல்வது போல நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒரு விதியை மட்டும் மீறப்போகிறேன். இயந்திரம் விழுந்தால் பெயர் வேண்டாம், சரி. நீ விழவில்லை, அக்கா. பெயரை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது அப்பா சொல்லச் சொன்ன கதைதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா தண்ணீர் குடிக்க வந்துவிட்டாள். மறைக்க நேரம் இல்லை. குனிந்து கொஞ்சம் படித்தாள். பிடுங்கிக் கிழித்துப்போடுவாள் என்று நினைத்தேன். பெரியப்பா வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து என் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்றப்ப இனிஷியலோட சொல்லு. வெறும் செந்தில்னா இந்தத் தெருவுலயே நாலு பேரு இருக்கான். மாத்திப் புடிச்சுக்கிட்டுப் போயிடப் போறாங்க."

ரா. செந்தில்குமார். எழுதிவிட்டேன், அக்கா. அடுத்து இதை வாயால் சொல்ல வேண்டும். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். "இன்னுங் கொஞ்சம் சத்தமா" என்கிறாள்.