உனக்குக் காமாலை வந்ததே இல்லை, அக்கா

என் தங்கமான அக்கா,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. எனக்கு இது ஆறாம் மாதம். எமர்ஜென்சி புண்ணியத்தில் பாலக்காட்டு பஸ் நேரத்துக்கு வருகிறது. வீட்டில்தான் எதுவும் நேராக இல்லை.

பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் உன் இடது கால் தலையணை மாதிரி வீங்கியது. டவுன் டாக்டர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "காலுல ரத்தம் உறையறதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதி. நம்ம ஜனங்களுக்கு வராது. அசையாம படுத்திருக்கட்டும்." மறுநாள் மூச்சுத் திணறிப் போய்விட்டாய். அவர் படித்த புத்தகத்தில் நம்மைப் பற்றி இல்லையாம், அதனால் நமக்கு வராதாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவரை மட்டும் திட்டி என்ன செய்ய? அப்பாவின் தங்கையும் பிள்ளை பெற்ற பிறகு இப்படிக் கால் வீங்கித்தான் செத்தார். அது அப்பாவுக்குத் தெரியும். டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் உனக்குக் காமாலை என்று சொல்லி முடித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ரத்தத்துல கோளாறுன்னா எந்த ஊட்டுல பொண்ணு எடுப்பாங்க, கண்ணு?" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை புது லேடி டாக்டரிடம் போனேன். கூடப் பிறந்தவர்கள் யாராவது பிரசவத்தில் இறந்தார்களா என்று கேட்டார். பக்கத்தில் மாமியார். "அக்காங்க. காமாலைங்க" என்றேன். என் வாய்தான், அக்கா. எப்படி வந்தது அது?

கால் வீங்கியதா என்றும் கேட்டார். அது வெள்ளைக்காரர்களுக்கு வருவதுதானே என்று மழுப்பினேன். "அவங்களுக்கு அதிகம்னு எழுதியிருக்கு. நம்மள்ல வீட்டோட செத்தவங்களை யாரு எண்ணினா? குறைவாவே இருக்கட்டும், ஒரு குடும்பத்துல ஓடுச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கு அது குறைவா? முன்னாடியே தெரிஞ்சா மருந்து இருக்கும்மா" என்றார். அப்போதும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எண்ண விடாமல் செய்தது நாம்தானே? இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை காமாலையோ.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன். மாமியார் காது கேட்கவே உள்ளதைச் சொல்வேன். என்னை வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பிவிட்டாலும் சரி.

நீ பெற்ற பொன்னிக்கும் இந்த ரத்தம்தான். நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம், காபி கொடுக்கும் முன்பே, நீ எப்படிச் செத்தாய் என்று நான் சொல்வேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

உன் கூடப்பிறந்த,
சரசு