ஆனியிலேயே தொடங்கிய பேட்ச்

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்து சாரல். சென்டர் வாசலில் சாக்கு விரித்தும் தரையெல்லாம் சேறு.

நல்ல நேரம் 9.30–10.30. டேலி கணக்கு பேட்ச் எட்டுப் பேரும் வந்து கம்ப்யூட்டரில் கை வைத்துவிட்டுப் போனார்கள். வகுப்பு என்னவோ 21-ம் தேதிதான், பாடம் நடத்தப் போடியிலிருந்து வரவேண்டிய சார் அதற்கு முன் வரமாட்டார். ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள்? அதனால் ஆளுக்கு ஒரு தரம் பெயரை டைப் அடித்து, நான் வாங்கி வைத்திருந்த கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஆரம்பித்தாயிற்று.

முதலில் லாகின் திறக்கவில்லை. தேனி ஹெட் ஆபீஸ் போன மாதம் போட்ட புது சாஃப்ட்வேர். 'பேட்ச் ஸ்டார்ட்' கொடுத்தால்தான் திறக்குமாம். கொடுத்தேன்.

செல்வியின் அப்பா மகளின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். "ஆனியில ஆரம்பிச்சதுனால படிக்கட்டும் டீச்சர். இல்லேன்னா ஆவணியில மாப்பிள்ள வீட்டுக்காரவுகள வரச் சொல்லியிருப்பேன்." செல்வி தன் பெயரை மூன்று தரம் அடித்தாள்.

வாங்க: பினாயில், போர்டு அழிப்பான், அம்மாவுக்குத் தைலம்.

ஜூலை 17, வியாழன்

அம்மாவுக்குக் காய்ச்சல். திங்கள் முதல் மூன்று நாள் லீவு. இன்றுதான் சென்டருக்குப் போனேன். ஆடி பிறந்தாயிற்று, காற்று ஆளைத் தள்ளுகிறது.

ஸ்கிரீனில் எட்டுப் பெயரும் சிவப்பு!

மூன்று நாள் வராவிட்டால் இடம் ரத்து. நான் ஸ்டார்ட் கொடுத்ததால் பேட்ச் ஓடிக்கொண்டிருப்பதாக சாஃப்ட்வேருக்கு நினைப்பு. திங்கள், செவ்வாய், புதன், எட்டுப் பேரும் ஆப்சென்ட். அதோடு விட்டதா? காத்திருப்புப் பட்டியலில் இருந்த வேறு எட்டுப் பேருக்கு, 'இடம் உறுதி, திங்கள் 9.30-க்கு வரவும்' என்று தானாகவே மெசேஜ் அனுப்பிவிட்டது.

தேனிக்குப் போன். மேனேஜர் சார்: "பாடமே நடத்தாம எதுக்கும்மா ஸ்டார்ட் குடுத்தீக?"

"நல்ல நேரம் சார்."

"மெசேஜ் போனது போனதுதான். திங்கக்கெழம பத்து மணி வரைக்கும் பாருங்க. அவுக வந்தா எடம் அவுகளுக்கு. வராட்டி பழைய ஆளுகளப் பழைய தேதியிலயே திரும்பச் சேத்துத் தாரேன்."

இருப்பது எட்டு கம்ப்யூட்டர். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எட்டுதான்.

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

செல்வியின் அப்பா கம்பத்துக்கு உரம் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். ஒரு பை நிறைய திராட்சை.

"எம்மக பேரு ஏறிருச்சுல்ல டீச்சர்?"

"ஏறிருச்சுண்ணே."

பொய். முகத்தைப் பார்த்தே சொன்னேன். திராட்சையில் ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை.

யோசித்தவை:

– செல்வியை மட்டும் வேறு பேட்ச்சில் போடலாம். ஆனால் ரசீதில் ஆடித் தேதி விழும். அவர் ஒப்பமாட்டார்.

– அந்த எட்டுப் பேருக்கும் போன் போட்டு வராதீர்கள் என்று சொல்லலாம். மேனேஜருக்குத் தெரிந்தால் என் வேலை?

– உண்மையைச் சொல்லலாம். யாரிடம் முதலில்?

ஜூலை 20, ஞாயிறு

குழம்பில் இரண்டு தரம் உப்பு. அம்மா: "ஏத்தா, ஒனக்கு என்ன வந்துச்சு? காச்ச எனக்கா ஒனக்கா?" ஒன்றுமில்லை என்றேன். சாயங்காலம் எட்டு நாற்காலியையும் போய்த் துடைத்துவிட்டு வந்தேன். யாருக்காகத் துடைக்கிறேன் என்றே தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

9.10. செல்வி. புதுப் பை, புது நோட்டு. 9.25-க்குள் பழைய எட்டுப் பேரும். யாரையும் உட்காரச் சொல்லவில்லை. "சார் வரட்டும்" என்றேன். சார் உள்ளறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். செல்வி அவரைப் பார்த்துவிட்டாள், நோட்டைத் திறந்து தேதி போட்டாள். அதுதான் இன்னும் சங்கடம்.

9.35. வாசலில் பைக். கூரியர்.

9.40. போன். பட்டியலில் இருந்த உத்தமபாளையத்துப் பையன். "மெசேஜ் வந்துச்சு மேடம். ஆடி போகட்டும்னு வீட்ல சொல்றாக. ஆவணியில வரட்டா?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கல்கண்டு வாங்கி வைத்ததே நான்தானே!

தைரியம் வந்து, 'வர்றீகளா' என்று மற்றவர்களுக்கு நானே போன் போட்டேன். ஒருவர் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். ஐந்து பேர், ஆடியில் வேண்டாம் என்றார்கள்.

9.58. கடைசியாக ஓடைப்பட்டிப் பெண். அந்தப் பெண்ணின் அம்மா எடுத்தார், எடுத்த எடுப்பிலேயே சண்டை. "ஆடியில போயி யாராச்சும் படிப்ப ஆரம்பிப்பாகளா? எம்பிள்ள வரமாட்டா. அங்கன யாரும் வந்திருக்காகளா என்ன?"

போனைக் காதில் வைத்தபடியே செல்வியைப் பார்த்து, உட்காரு என்று கை காட்டினேன். எட்டு நாற்காலியும் ஒன்றாக இழுபட்ட சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"இவுக எல்லாம் ஆனியிலயே ஆரம்பிச்சுட்டாகம்மா."