மூதூர், கேட்குதோ?

என் பிலோவுக்கு,

நீ போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகிவிட்டன. கல்லறைக்குப் பூ வைக்க வந்தபோதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மனுசன் லூயிஸ் மாஸ்டர் பக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் நீ இடையில் என்னை நிறுத்த மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் ரீட்டா எங்கள் திருகோணமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே ஒப்பரேட்டராக வந்துவிட்டாள். அதுவும் நீ இருந்த அதே கதிரை. அதன் ஒரு கால் இன்னும் ஆடுகிறது, மடித்த கடதாசியை இன்னும் அடியில் வைக்கிறோம். ஹெட்போனை மாட்டும்போது உன்னைப் போலவே முதலில் கொண்டையைத் தளர்த்திக்கொள்கிறாள். அதை உன்னிடம் படித்தாளா, தானாகவே வந்ததா?

நான் முதன்முதலாக அந்த அறைக்குள் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? திரியாயில் இருந்து பஸ் ஏறி வந்த பெண்ணுக்கு வடக்குக் கரையோரம் மட்டும்தான் தெரியும். குடாவுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர் எல்லாம் எனக்கு இருட்டு. யாரோ ஒருவர் மல்லிகைத்தீவுக்கு ஆள் அனுப்பிச் செய்தி சொல்ல முடியுமா என்று கேட்டார். "தீவுக்கு இண்டைக்கு வள்ளம் போகுதோ தெரியாது ஐயா, காத்து கடுமை" என்று நான் மரியாதையாகச் சொன்னேன். நீ உன் சுவிட்ச்போர்டை விட்டு எழும்பி வந்து, சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாய்.

"எடியே, அது மூதூர்ப் பக்கம் வயலுக்கு நடுவில கிடக்கிற ஊர். தீவு எண்டு பேர் வச்சால் சுத்திவரக் கடல் இருக்க வேணுமோ? சாம்பல்தீவாலதானே நீ பஸ்ஸில வந்தனீ, நனைஞ்சோ வந்தனீ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் நீ கலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்து என் போர்டின் ஓரத்தில் ஒட்டினாய். நிலாவெளி என்றால் சின்ன வெங்காயம். குச்சவெளி என்றால் கருவாடு. உப்புவெளிக்கு ஒன்றும் எழுதவில்லை, அதற்குப் பெயரிலேயே இருக்கிறது என்றாய். தம்பலகாமம் எருமைத் தயிர், கிண்ணியா நண்டு, ஈச்சிலம்பற்று தேன். கடைசி வரியில், மல்லிகைத்தீவு, நனையாமல் போகலாம். அப்படியே சமைத்துச் சமைத்து நான் மாவட்டம் முழுவதையும் பாடமாக்கினேன்.

நமக்கு இடையில் கதை என்றால் மூன்றே மூன்றுதான். ஊர்ப் பெயர், சமையல், பந்து. பந்து உன்னுடையது. உன் தம்பி பாலையூற்றுப் பெடியளின் அணியில் விளையாடியதால் உனக்குப் பந்தடி என்றால் பூசை மாதிரி. எனக்கு ஓவ்சைட் என்றால் என்னவென்று ஒரு மாதம் விளங்கவில்லை. "கலியாணப் பந்தியில சோறு போட முந்தியே ஒருத்தி பாயாசத்துக்குக் கை நீட்டிக்கொண்டு இருந்தாளெண்டால் எப்பிடி இருக்கும்? அதுதான்" என்று சொல்லித் தந்தாய். அதற்குப் பிறகு எந்த நடுவரும் என்னை ஏமாற்றியதில்லை.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் கண்ணை உருட்டியிருப்பாய்.

முற்றவெளி மைதானத்தில் இறுதியாட்டம். பாலையூற்றுக்கும் துறைமுகப் பெடியளுக்கும். சத்தம் எங்கள் யன்னலால் உள்ளே வருகிறது, நீயோ கதிரையில் இருக்க மாட்டாமல் தவிக்கிறாய். "அரைமணித்தியாலம் போயிட்டு ஓடி வாறன், ரெண்டு போர்டையும் பாப்பியோ?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். ஆறு மாதம்கூட ஆகாத ஒப்பரேட்டர் இரண்டு போர்டைப் பார்ப்பது கெட்டித்தனம் என்று எனக்கும் ஒரு நினைப்பு.

அந்த நேரம்தான் கொழும்பில் இருந்து வந்த பெரிய துரை தான் தங்கியிருந்த குச்சவெளி வாடிவீட்டில் இருந்து கொழும்புக்கு லைன் கேட்டார். எங்கள் திணைக்களத்திலேயே மேலிடத்து மனுசன், நன்றாகத் தமிழ் தெரிந்தவர். தான் நிலாவெளியில் இருந்து பேசுவதாகச் சொன்னார். நான் குச்சவெளி என்று திருத்த, அவர் நிலாவெளி என்று உறுமினார். கொழும்பு லைன் கிடைக்கவில்லை. காத்திருக்கச் சொன்னேன்.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்னக் கீ. முன்னால் தள்ளினால் நமது பேச்சு லைனில் போகும், பின்னால் இழுத்தால் மூடும். காத்திருக்கச் சொன்னவுடன் இழுத்து மூட வேண்டும். முதல் நாளே படிப்பிப்பது இதைத்தான். இரண்டு போர்டுக்கும் கை மாறி மாறி ஓடியதில் நான் அதை மூடவில்லை.

அதற்குள் நீ மூச்சு வாங்க ஓடி வந்தாய். உன் தம்பி பெனால்டி அடித்து வென்ற கதையை எனக்குப் பக்கத்திலேயே நின்று, காலால் உதைத்துக் காட்டிச் சொன்னாய். வெற்றிக்கு இரவு நண்டுக் கறி என்றாய். முருங்கையிலையை எப்போது போடுவது என்று நான் கேட்டேன். "பால் விட்டு ஒரு கொதி வந்த பிறகு, இறக்கப் போற நேரம். முந்திப் போட்டால் கறுத்துப் போகும்" என்றாய். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இஞ்ச ஒருத்தர் தான் இருக்கிற ஊர் எதெண்டே தெரியாமல் கத்துறார். அவருக்கும் ஒரு நண்டுக்கால் குடுத்தால் கொஞ்சம் வாய் மூடும்."

ஹெட்போனில் ஒரு கனைப்புக் கேட்டது. "முருங்கையிலை முதலே போட வேணும்" என்று துரையின் குரல் சொன்னது.

திங்கட்கிழமை காலை சுப்பர்வைசர் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். துரை கடிதம் எழுதிவிட்டார், ஒரு ஆளைச் சொல்லத்தான் வேண்டும் என்றார். "குச்சவெளி லைனில் கீயைத் திறந்து விட்டது ஆர்?" எனக்கு வீட்டு நினைப்புத்தான் வந்தது. அப்பா இல்லாத வீடு, என் சம்பளத்தில் அம்மாவும் இரண்டு தம்பிமாரும். வேலை நிரந்தரமாகவில்லை, ஒரு பிழை என்றால் வீட்டுக்குத்தான். இதெல்லாம் உண்மை. ஆனாலும் வாய் திறக்க எனக்கு நேரம் இருந்தது, பிலோ. நான் திறக்கவில்லை.

"நான்தான் ஐயா" என்றாய். அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாய்.

ஒரு வாரத்தில் உன்னை மூதூருக்கு மாற்றினார்கள். குடா கடக்கும் லோஞ்சில் ஏறியபோதும் நீ கையைக் காட்டிச் சிரித்தாய். நான் படகுத்துறையில் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் வேலை தொடங்கும்போது ஒவ்வொரு சின்ன எக்ஸ்சேஞ்சையும் கூப்பிட்டு லைன் சரியா என்று பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு வருடம் மூதூர் லைனைப் பார்த்தவள் நான், அந்தப் பக்கம் எடுத்தவள் நீ.

"மூதூர், கேட்குதோ?"

"கேட்குது. இண்டைக்கு என்ன சமையல்?"

கணவாய், சொதி, பிட்டு, நீ தங்கியிருந்த வீட்டுக்காரம்மா வைத்த கத்தரிக்காய்ப் பால்கறி. பிறகு போன ஞாயிற்றுக்கிழமை யார் கோல் அடித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டும். உனக்காகவே முற்றவெளிக்குப் போகப் பழகினேன். குடாவின் அந்தப் பக்கம் உன் குரல் சந்தோசமாகத்தான் இருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த விளையாட்டு மாஸ்டர் ஒருவர் துறைமுகப் பெடியளின் கட்சி என்றும், அந்த மனுசனோடு கதைக்கவே ஏலாது என்றும் சொன்னாய். மூன்று மாதம் விடாமல் அவரைப் பற்றியே குறை சொன்னபோது எனக்கு விளங்கிவிட்டது. லூயிஸ் மாஸ்டரின் கதை அப்படித்தானே தொடங்கியது?

ஒவ்வொரு காலையும் நான் வேறொன்று சொல்ல நினைத்துத்தான் ஹெட்போனை மாட்டினேன். ஒரு நாள் துணிந்து, "பிலோ, அண்டைக்கு ஐயா கேட்கேக்க நான்..." என்று தொடங்கினேன்.

"சரோ, கீயை மூடு" என்றாய். டக்கென்று லைன் போய்விட்டது. அடுத்த நாள் ஒன்றும் நடக்காதது போல, "என்ன சமையல்?" அதற்குப் பிறகு இரண்டு தரம் முயன்றேன். இரண்டு தரமும் அதே மூன்று சொல்.

நீ கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கே திரும்பி வந்தாய். என் வேலையும் நிரந்தரமாகி வருடங்கள் போயின. ஆனால் அந்தக் கதை போகவில்லை. எக்ஸ்சேஞ்சில் புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் அதைச் சொல்லித்தான் கீ பழக்கினார்கள். "பிலோமினா எண்டு ஒருத்தி இருந்தவ, கீயைத் திறந்துபோட்டு நண்டுக் கறி காய்ச்சினவ." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். உன் வீட்டிலும் அதே பகிடிதான். மாஸ்டர் குசினிக் கதவு திறந்து கிடந்தால்கூட, "இது அவவின்ர பழைய பழக்கம்" என்பார். நீ எனக்கு இன்னும் இரண்டு இடியப்பத்தை வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து சிரிப்பாய். அந்த இடியப்பம் எனக்கு எப்படி இறங்கியது என்று நினைக்கிறாய்?

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது உனக்குக் குரல் போய்விட்டிருந்தது. நான் கட்டிலோரம் குனிந்து, "பிலோ, அந்த விசயம்..." என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே வலது கையின் பெருவிரலால் கீயை இழுப்பது போல ஒரு சின்ன அசைவு காட்டினாய். பக்கத்தில் நின்ற ரீட்டா, அம்மாவுக்குக் கை இழுக்கிறது என்று நினைத்துத் தடவி விட்டாள்.

இனி போன வாரம் நடந்தது.

ரீட்டாவின் முதல் நாள். பழக்க வந்த பெண்ணுக்கு அவள் யாருடைய மகள் என்று தெரியாது. வழக்கம் போல நண்டுக் கறிக் கதையைச் சொன்னாள், வழக்கம் போலச் சிரிப்பு. வீட்டில் கேட்ட பகிடிதான், ஆனால் வெளியாட்கள் சிரித்தபோது பிள்ளைக்கு முகம் செத்துப் போயிற்று. மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்கவில்லை. "பசிக்கேல்ல, சின்னம்மா" என்றாள். பிறகு மெல்ல, "அம்மா உண்மையாவே வேலையில கவனம் இல்லாதவவோ?" என்று கேட்டாள்.

"சாப்பிடு பிள்ளை" என்று பேச்சை மாற்றினேன். இந்த வயதிலும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை, லைன் பார்க்கும் நேரம். ரீட்டா எனக்குப் பக்கத்தில் உன் கதிரையில். இப்போதைய சுப்பர்வைசர் பின்னால் கொப்பியோடு நிற்கிறார். ஒரு நேரத்தில் ஒரு கீதான் திறக்க வேண்டும் என்பது சட்டம். நான் மூதூரைத் திறந்தேன், கிண்ணியாவைத் திறந்தேன், தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி, ஒன்றையும் விடவில்லை.

"எல்லாருக்கும் கேட்குதோ?" என்றேன். ஒவ்வொரு ஊராக ஓம் என்றது.

"நண்டுக் கறிக் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்டைக்குக் குச்சவெளிக் கீயைத் திறந்து விட்டவ பிலோமினா இல்லை. நான். துரைக்கு நண்டுக்கால் குடுக்கச் சொன்னதும் நான்தான். என்ர வேலை போயிடும் எண்டு அவ தன்ர தலையில போட்டுக்கொண்டு மூதூருக்குப் போனவ. நான் பயத்தில பேசாமல் நிண்டனான். அவவின்ர கையில ஒரு நாளும் ஒரு கீயும் பிழைச்சதில்லை. இனி ஆரும் அந்தக் கதையைச் சொல்லுறதெண்டால் என்ர பேரைப் போட்டுச் சொல்லுங்கோ."

கிண்ணியா ஒப்பரேட்டர்ப் பெடியன்தான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப அக்கா, முருங்கையிலை எப்பதான் போடுறது?" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இறக்கப் போற நேரம். முந்திப் போட்டால் கறுத்துப் போகும்" என்று சொல்ல முயன்றேன், பாதிதான் வந்தது.

நான் அழுவது ஐந்து ஊருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ரீட்டா என்னைப் பார்த்தாள். கோபமா என்று அந்த ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை. பிறகு தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தாள். என் கைக்கு மேலால் கையை நீட்டினாள்.

"சின்னம்மா, கீயை மூடுங்கோ" என்றாள்.

ஒவ்வொன்றாக அவளே மூடினாள். மூதூரைக் கடைசியாக. அன்று மத்தியானம் அவளுடைய பார்சலில் இருந்து பாதிச் சோறு எனக்கு வந்தது.

சுப்பர்வைசர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அதைத்தான் எழுதி முடித்தேன், பழைய பிழையையும் சேர்த்து. மாஸ்டரிடமும் நேரே போய்ச் சொன்னேன். "அப்ப எனக்கு அவ கிடைச்சது உங்களால" என்றார். அவ்வளவுதான், தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிட்டார்.

வருகிற சனிக்கிழமை முற்றவெளியில் திரும்பவும் பாலையூற்றுக்கும் துறைமுகத்துக்கும் இறுதியாட்டம். ரீட்டாவும் நானும் லீவு கேட்டு, ஒழுங்காக எழுத்தில் வாங்கிக்கொண்டு போகிறோம். இரவு உன் குசினியில் கிண்ணியா நண்டு, நான்தான் சமைக்கிறேன். யார் எத்தனை கோல் என்று அடுத்த முறை பூவோடு வந்து சொல்வேன், மாஸ்டர் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன். சத்தமாகவே சொல்வேன், நீ கேட்டுக்கொள்.

ரீட்டாவுக்குச் சின்னம்மா,
ஆகவே உனக்குத் தங்கச்சி,
சரோ