சார் வீட்டு வண்டி

ஜூன் 24, திங்கள்

இன்றைக்கும் சுருட்டை புராணம்தான். சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார். "எட்டாம் வகுப்புல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. சுருட்டை முடி. என்ன மூளைங்கற!" அம்மாவிடம் சொல்கிறார். நானும் எட்டாம் வகுப்புதான். அவளுக்கு ரெண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

அப்பாதான் எங்கள் அறிவியல் வாத்தியார். ஒரே ஸ்கூட்டரில் போகிறோம். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை அப்பா. கழற்றிவிட்டால் சார். அவர் போட்ட சட்டம்.

இப்போது தானாக ஓடும் வண்டி செய்கிறோம். பேட்டரி, மோட்டார் எதுவும் கூடாது. அட்டையில் உடம்பு, பழைய சிடியில் சக்கரம், மூங்கில் குச்சியில் அச்சு. ரப்பர் பேண்டை அச்சில் சுற்றி முறுக்கிவிட்டால் அது பிரியும் வேகத்தில் வண்டி ஓட வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வராந்தாவில் போட்டி.

ஜெயிக்கணும். அவர் வாயால என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரணும். அவ்வளவுதான்.

ஜூன் 25, செவ்வாய்

சுருட்டைக்கு முடியெல்லாம் கொட்டட்டும்.

ஜூன் 26, புதன்

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

இன்று சார் அவள் டெஸ்க் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவள் வண்டியைத் தரையோடு தரையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலிக்குது, கீழே உட்கார முடியல என்று வீட்டில் சொல்கிறவர்! சக்கரம் வழுக்காமல் இருக்க அவள் பலூனை வெட்டி சிடியின் விளிம்பில் மாட்டியிருக்கிறாள். "பிரமாதம்!" என்றார். நான் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். கை வலித்தது. மணி அடித்துவிட்டது. போகிற போக்கில் என்னைப் பார்த்து, "யோசி, வரும்" என்றார்.

என்ன வரும்? அழுகைதான் வரும்.

ஜூன் 27, வியாழன்

என் வண்டி கொஞ்ச தூரம் ஓடுகிறது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி டக்கென்று நிற்கிறது. சில சமயம் திரும்பிப் பின்னால் வேறு வருகிறது. ராத்திரி வெட்கத்தை விட்டு அப்பாவிடம் கேட்டேன்.

"வகுப்புல கேளும்மா. மத்த பிள்ளைங்க வீட்டுல வாத்தியார் இருக்காரா?"

"வகுப்புல நீங்க என் பக்கமே வரலியே."

"அங்க உனக்குச் சலுகை காட்ட முடியாதுல்ல?"

அப்படின்னா வீட்ல சார், வகுப்புல அப்பா! எந்த இடத்துலயும் எனக்கு ஆள் இல்ல. சுருட்டைக்கு மட்டும் முழுசா ஒரு வாத்தியார்.

அம்மா மருந்துக் கடை வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நாள் பூரா இருமலையும் சளியையும் கேட்டுட்டு வரேன். உங்க பஞ்சாயத்துக்கு நான் ஆள் இல்ல, தாயே" என்றாள்.

ஜூன் 30, ஞாயிறு

கண்டுபிடிச்சிட்டேன்! ரப்பர் பேண்ட் அவிழாமல் இருக்கட்டுமே என்று அச்சில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன். அது முழுதும் பிரிந்த பிறகும் அச்சை விடவில்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அதுவே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. முடிச்சை வெட்டிவிட்டு, அச்சில் ஒரு சின்னக் கொக்கி ஒட்டி அதில் சும்மா மாட்டினேன். பிரிந்ததும் தானே கழன்றுகொள்கிறது. வண்டி கட்டிலுக்கு அடியில் போய், அலமாரியைத் தாண்டி, சமையலறைக்குள்ளேயே போய்விட்டது.

அப்பா கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வண்டி அவர் காலருகே போனது. பார்த்தார். காலை மட்டும் நகர்த்திக்கொண்டார்.

சுருட்டை வண்டியா இருந்தா நகர்த்தியிருப்பீங்களா? கூடவே ஓடியிருப்பீங்க.

ஜூலை 5, வெள்ளி

கட்டைவிரல் இன்னும் எரியுது. ஒழுங்கா எழுதணும்.

ஆளுக்கு ஒரு தடவைதான் என்று சார் முதலிலேயே சொல்லிவிட்டார். சுருட்டையின் வண்டிதான் அதுவரை அதிக தூரம். அது நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். என் முறை வந்தது. விட்டேன். கோட்டைத் தாண்டியது. தாண்டிப் போய் ஆசிரியர் அறைக் கதவில் முட்டித்தான் நின்றது! எல்லாரும் ஓ என்று கத்தினார்கள்.

சார் கத்தவில்லை. "இன்னொரு தடவை விடு" என்றார்.

"ஏன் சார்?"

"விடு."

வேறு யாரையும் ரெண்டாவது தடவை விடச் சொல்லவில்லை. என்னை மட்டும். கோபத்தில் அதிகமாக முறுக்கிவிட்டேன் போல. ரப்பர் பேண்ட் பட்டென்று அறுந்து என் கட்டைவிரலிலேயே அடித்தது. வண்டி அசையவில்லை.

"இதுதான் கணக்கு" என்றார்.

"அப்பா!"

வாயில் வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. "இங்க சார்" என்றார், தலையைத் தூக்காமல். அப்போது சுருட்டை எழுந்து, "சார், முதல் தடவைதானே கணக்கு? அவதானே ஜெயிச்சா?" என்கிறாள். எனக்குப் பரிந்துகொண்டு! நியாயம் பேசறதையும் அவளே செய்யணுமா? அதுலயும் நல்ல பேரு அவளுக்கா? அவளை எதற்காகவும் வெறுக்க முடியாமல் போனதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஸ்கூட்டர் கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே மெதுவாக வந்தது. நான் திரும்பவில்லை.

ஜூலை 8, திங்கள்

தலைமை ஆசிரியையிடம் போய் பி பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். காரணம் கேட்டார்கள். "சார் நடத்தறது புரியல மேடம்" என்றேன். அப்பாவுக்கு எது உறைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

ஜூலை 9, செவ்வாய்

அவர் காதுக்குப் போய்விட்டது.

"நான் நடத்தறது புரியலன்னு சொன்னியாமே?"

"ஆமா."

"எது புரியல?"

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். "வீட்ல கேட்டா வகுப்புல கேளுங்கறீங்க. வகுப்புல கேட்டா யாராவது ஏதாவது பேசுவாங்கன்னு பயப்படறீங்க. நான் யார்கிட்டதான் கேக்கறது? அன்னிக்கு நான்தானேப்பா ஜெயிச்சேன்?"

அவர் கொடியில் கிடந்த துணியெல்லாம் எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தார். என் சீருடையையே பிரித்துப் பிரித்து மடித்தார். அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ரெண்டுக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு" என்று உள்ளே போய்விட்டாள்.

தூங்கப் போகும்போது பார்த்தால், மாற்றல் தாளில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தது.

ஜூலை 15, திங்கள்

பி பிரிவு. இங்கே டீச்சர் புத்தகத்தைத் தலை தூக்காமல் படிக்கிறார். எனக்கும் தூக்கம் வருகிறது. பக்கத்து அறையில் அப்பா என்னவோ சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். சுவர் வழியாகக் கேட்கிறது. போச்சு. அப்பாவை அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேனோ?

ஜூலை 18, வியாழன்

பி பிரிவு பாடத்தில் பின்தங்கியிருக்கிறது. வண்டி செய்யும் பாடம் இப்போதுதான் வருகிறது. மறுபடி முதலிலிருந்து. கூடத்தில் அட்டையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் நின்றார்.

"இப்ப நான் உன் வாத்தியார் இல்லியே?"

"இல்ல."

முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அப்புறம் குப்புறவே படுத்துவிட்டார். அச்சு ஏன் சாய்கிறது என்று ஒரு பக்கக் கண்ணை மூடிப் பார்த்தார். ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தோம். ஸ்ட்ராவுக்குள் குச்சியைச் சொருகினால் உராய்வு குறையும் என்றார். கொக்கி இன்னும் சின்னதாக இருக்கணும் என்றேன். நான் சொன்னதுதான் சரி. ஒத்துக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது, என் பக்கம் பார்க்காமல், "அன்னிக்கு நீதான்மா ஜெயிச்ச. எனக்குத்தான் தைரியம் இல்ல" என்றார்.

ஜூலை 19, வெள்ளி

தண்ணீர்க் குழாய் பக்கம் சுருட்டை நின்றிருந்தாள்.

"இன்னிக்கு வகுப்பு பூரா சார் வாயில உன் கதைதான். நீ கொக்கி வெச்ச கதை, நீ சண்டை போட்ட கதை. மாத்திச் செஞ்ச என் வண்டியைக் காட்டலாம்னு எவ்வளவு நேரம் கையைத் தூக்கிட்டு இருந்தேன் தெரியுமா? சார் பார்க்கவே இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூஞ்சி மட்டும் சிரிக்கவில்லை.

பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.