றாபியா இல்லாத எல்லே அணி

முல்லைத்தீவு

அன்புள்ள மகனுக்கு,

பழைய எல்லே அணிகளை வைத்து நீ கணினியில் நடத்திய போட்டித் தொடரில் எங்கள் கொன்வென்ட் அணி தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறாய். நான் அதை ஏற்கவில்லை.

நீ பேஸ்போல் விதிகளை வைத்து நடத்தியிருக்கிறாய். இரண்டிலும் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவதுதான், ஆனால் எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் அடித்தாலே அவுட். எங்கள் அணியின் றாபியா எறிந்தால் எந்த முதுகும் தப்பாது. அவளையோ, பதிவுகளில் பெயர் இல்லை என்று நீ சேர்க்கவே இல்லை.

இப்போது அவள் இருக்கும் புத்தளத்துக்கு நேற்றுத் தொலைபேசியில் அழைத்து அவளிடம் சொன்னேன்.

"என்னை விட்டிட்டோ வெல்லப் பாத்தனீங்கள்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளைச் சேர்த்து மறுபடி நடத்து. ஆதாரம் வேண்டுமென்றால் அணித்தலைவி நான் உயிரோடு இருக்கிறேன். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து அவளையும் வெளியே அனுப்பிவிட்டு இந்த ஊர் வென்றது ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தோல்வியை ஒப்புக்கொள்ளாத
அம்மா